சில்லை நீங்களே மாற்றலாம், சகோதரிகளே!

பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டு வருவது, உம்மாவைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வது, விடுமுறையில் ஊருக்குப் போய் வருவது என்று எத்தனையோ பயணங்களை இன்று நம் பெண்கள் தாமே வாகனம் ஓட்டிச் செய்து வருகிறார்கள். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ தொழில் பார்க்கும் வீடுகளில் காரின் சாவி மனைவியின் கைப்பையில்தான் இருக்கிறது. நெரிசல் மிகுந்த கண்டி வீதியிலும் காலி வீதியிலும் நிதானமாக வாகனம் செலுத்தும் சகோதரிகள் ஏராளம். ஆனால் வழியில் ஒரு டயரின் காற்றுப் போய் விட்டால் மட்டும், அவர்களில் பலர் தெரிந்த ஆண் ஒருவர் வந்து சேரும் வரை செய்வதறியாது காத்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் பலவீனமா? நிச்சயமாக இல்லை. இந்த வேலை நமக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று, அவ்வளவுதான். வாகனம் ஓட்டப் பழகும்போது கிளச், பிரேக், கியர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். டிக்கியின் அடியில் கிடக்கும் ஜெக்கை எப்படி எடுப்பது என்று சொல்லித் தருபவர் குறைவு. டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்துக்களும் இலக்கங்களும் டயர் கடைக்காரருக்கு மாத்திரம் விளங்கும் பாஷை என்றே நாம் எண்ணிக் கொள்கிறோம்.

2022ஆம் ஆண்டில் காலமான பிரித்தானிய மகாராணி இரண்டாவது எலிசபெத், 1945ஆம் ஆண்டில், தமது 18ஆவது வயதில், பெண்களுக்கான துணைப்படையில் சேர்ந்து லொறி ஓட்டவும் வாகனம் திருத்தவும் பயிற்சி பெற்றவர். அரண்மனையில் வளர்ந்த ஓர் இளவரசிக்கு முடிந்த காரியம், அரிசி மூட்டையை இழுத்து வைத்து, நீர் நிறைந்த வாளியைத் தூக்கிப் பழகிய நமது கைகளுக்கு முடியாமற் போகுமா?

கணக்கின் மூலமும் இதைப் பார்க்கலாம். சிறிய கார்களின் சில்லு நட்டுகள் பொதுவாக 85 முதல் 105 நியூட்டன் மீற்றர் வரையான இறுக்கத்தில் பூட்டப்பட வேண்டும். ஸ்பானரின் கைபிடி 25 சென்ரிமீற்றர் நீளமானது என்று வைத்துக் கொள்வோம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் அதன் நுனியில் தன் எடையைக் கொடுத்தால், நட்டின் மீது விழும் விசை சுமார் 120 நியூட்டன் மீற்றர். அதாவது சரியான அளவில் இறுக்கப்பட்ட நட்டைத் தளர்த்த உடல் எடையே போதும். தோள் பலம் தேவையில்லை. தெரிய வேண்டியது முறை மட்டுமே.

இலக்கங்களை வாசிப்போம்

முதலில் உங்கள் காரின் டயரைச் சற்றுக் குனிந்து பாருங்கள். நம் நாட்டில் அதிகம் ஓடும் சுசுகி வெகன் ஆர் கார்கள் பலவற்றில் 155/65ஆர்14 75எஸ் என்றிருக்கும். ‘ஆர்’, ‘எஸ்’ என்பவை டயரில் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது உயரம். ஆனால் இது மில்லிமீற்றர் அல்ல, நூற்றுவீதம். அகலத்தில் 65 வீதம், அதாவது ஏறக்குறைய 101 மில்லிமீற்றர், டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கிறது. ‘ஆர்’ என்பது ரேடியல் என்ற அமைப்பைக் குறிக்கிறது. பிரான்ஸ் நாட்டின் மிச்செலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில்தான் இன்றைய கார் டயர்கள் செய்யப்படுகின்றன. 14 என்பது உள்ளே இருக்கும் இரும்பு அல்லது அலோய் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீற்றர், நூற்றுவீதம், அங்குலம் என மூன்று விதமான அளவுகள் கலந்திருப்பதால்தான் பலருக்கும் இது குழப்பமாகத் தோன்றுகிறது.

அடுத்து வரும் 75, டயர் தாங்கும் சுமையைச் சொல்லும் குறியீடு. இது 75 கிலோ அல்ல. அட்டவணைப்படி 75 என்றால் 387 கிலோ. 84 என்றால் 500 கிலோ. 91 என்றால் 615 கிலோ. கடைசி எழுத்து, அந்தச் சுமையுடன் டயர் தாங்கக் கூடிய உச்ச வேகம். ‘எஸ்’ மணிக்கு 180 கிலோமீற்றர், ‘டி’ 190, ‘எச்’ 210. நாம் அவ்வளவு வேகத்தில் போகப் போவதில்லை. ஆனாலும் வேகம் தாங்கும் டயர் வெப்பத்தையும் தாங்கும் என்பதால், வாகனத்திற்கு விதிக்கப்பட்ட எழுத்தை விடக் குறைந்ததை வாங்கக் கூடாது.

முச்சக்கர வண்டியின் டயரில் 4.00-8 என்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பழைய முறை. 4 அங்குல அகலம், 8 அங்குல ரிம். நடுவில் ‘ஆர்’ இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அது ரேடியல் டயர் அல்ல என்று அறிந்து கொள்ளலாம்.

அளவு மாறினால் என்ன ஆகும்?

“இந்த சைஸ் இல்லை, இதைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது” என்று கடையில் சொன்னால் நாம் தலையாட்டி விடுகிறோம். ஒன்றும் ஆகாதா என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம். ரிம்மின் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி மில்லிமீற்றராக்குங்கள். அதனுடன் பக்கச்சுவர் உயரத்தை இரு தடவை கூட்டுங்கள். டயரின் முழு விட்டம் கிடைக்கும்.

155/65ஆர்14 டயரின் விட்டம் 557 மில்லிமீற்றர். 165/55ஆர்15 டயரின் விட்டம் 562. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று மட்டுமே. ரிம்மும் பொருத்தமானதாக இருந்தால் இந்த மாற்றம் பாதகமில்லை. ஆனால் 175/65ஆர்14 டயரின் விட்டம் 583. வித்தியாசம் 4.7 வீதம். அதைப் பூட்டினால் வேகமானி 60 காட்டும்போது வாகனம் உண்மையில் கிட்டத்தட்ட 63 கிலோமீற்றர் வேகத்தில் போகும். வளைவில் திருப்பும்போது டயர் மட்காட்டில் உரசவும் கூடும்.

சுமைக் குறியீட்டில் இன்னும் கவனம் தேவை. வேன்களுக்குரிய 195ஆர்15 டயர் ஒன்றில் 106/104 என்றிருக்கும். தனிச் சில்லாகப் பூட்டும்போது 106, அதாவது 950 கிலோவை அது தாங்கும். கார்களுக்குரிய 195/65ஆர்15 91 டயரும் அதே 195தான், அதே 15தான். ஆனால் அது தாங்குவது 615 கிலோ மட்டுமே. அகலமும் ரிம்மும் ஒன்றாக இருக்கிறதே என்று பிள்ளைகள் நிறைந்த வேனுக்குக் கார் டயரைப் பூட்டினால், ஒவ்வொரு சில்லிலும் 335 கிலோ குறைவான பலத்துடன் அந்த வேன் ஓடுகிறது. பாடசாலை வேனில் பிள்ளையை அனுப்பும் தாய்மார் இந்த இலக்கத்தை ஒருமுறை பார்த்து வைப்பது வீண் வேலையல்ல.

டயருக்கும் வயதுண்டு

டயரின் பக்கத்தில் ‘டி.ஓ.டி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைத் தொடர்ந்து ஒரு வரிசை இருக்கும். அதன் முடிவில், ஒரு முட்டை வடிவக் கட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்று பொருள். ஒரு பக்கத்தில் முழு வரிசையும் தெரியாவிட்டால் மறுபக்கத்தில் பாருங்கள். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதை எவ்விதத்திலும் பாவிக்கக் கூடாது.

டயர் ஓடாமல் கிடந்தாலும் முதுமையடைகிறது. வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இறப்பரை உள்ளிருந்தே காய்ந்து போகச் செய்கின்றன. வெளியே பார்த்தால் பள்ளங்கள் ஆழமாகத்தான் இருக்கும்.

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இங்கிலாந்தில் ஓர் இசை விழாவிலிருந்து இளைஞர்களை ஏற்றி வந்த பஸ் வண்டியொன்றின் முன் டயர் வெடித்து, வண்டி மரத்தில் மோதி மூவர் உயிரிழந்தனர். அந்த டயரின் வயது பத்தொன்பதரை வருடங்கள். பள்ளங்களின் ஆழத்தில் சட்டப்படி குறையேதும் இருக்கவில்லை. மகனை இழந்த ஒரு தாய் பல வருடங்கள் விடாது குரல் கொடுத்தார். அதன் பின்னரே, 2021 பெப்ரவரி மாதம் முதல், லொறிகளினதும் பஸ்களினதும் முன் அச்சில் 10 வருடத்திற்கு மேற்பட்ட டயர்களைப் பூட்டுவது அந்நாட்டில் தடை செய்யப்பட்டது.

ஐந்து வருடங்கள் பாவித்த டயரை ஆண்டுக்கு ஒரு தடவை அனுபவமுள்ளவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்றும், செய்யப்பட்ட நாளிலிருந்து பத்து வருடம் கடந்தால் தேயாவிட்டாலும் மாற்றி விட வேண்டும் என்றும் டயர் உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர். பாவித்த டயர் வாங்குபவர்கள் விலையைக் கேட்கும் முன்னர் இந்த நான்கு இலக்கத்தைப் பார்ப்பது நல்லது. டிக்கியில் ஒருநாளும் வெளியே வராமல் கிடக்கும் ஸ்பெயார் வீலுக்கும் இதே கணக்குத்தான்.

தேய்மானத்தைப் பார்க்கவும் எளிய வழியுண்டு. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். தரையில் படும் பகுதி தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்திற்கு வந்து விட்டால், எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் மாத்திரமே. மழையில் நீரை வெளியே தள்ள அதனால் முடியாது.

காற்று எவ்வளவு?

டயர் வெடிப்பதற்குப் பெரிய காரணம் ஆணியல்ல, காற்றுக் குறைவுதான். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதனால் சூடேறுகிறது. சுமையும் வேகமும் வெயிலும் சேரும்போது அது கிழிந்து விடுகிறது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதியின் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் அந்தத் தாள் ஜப்பானிய மொழியில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். டயரின் அளவும் காற்றின் அளவும் நமக்குத் தெரிந்த இலக்கங்களில்தான் இருக்கும். 240 என்றிருந்தால் அது கிலோபாஸ்கல். அதை 7 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 34. சரியாகச் சொன்னால் 35 பி.எஸ்.ஐ. பெற்றோல் நிலையத்தில் காற்றடிப்பவரிடம் அந்த இலக்கத்தைச் சொன்னால் போதும். மாதம் ஒரு தடவை, நீண்ட தூரம் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும் வேளையில் பார்க்க வேண்டும். ஸ்பெயார் வீலுக்கும் சேர்த்தே அடியுங்கள்.

டிக்கியைத் திறந்து பாருங்கள்

சில்லை மாற்றும் முறைக்கு முன்னர் ஒரு முக்கிய விடயம். உங்கள் காரில் ஸ்பெயார் வீல் இருக்கிறதா? பிற்காலத்தில் வந்த ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் அது கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு போத்தலில் பசை போன்ற திரவமும், காரின் மின்சாரத்தில் இயங்கும் சிறு காற்றுப் பம்பும் இருக்கும். ஆணி குத்திய சிறு துளையை அது அடைக்கும். டயரின் பக்கம் கிழிந்திருந்தால் அதனால் பயனில்லை. போத்தலில் காலாவதித் திகதி இருக்கும். இன்றே பார்த்து விடுங்கள்.

ஸ்பெயார் வீல் இருந்தாலும் அது மற்றச் சில்லுகளை விட மெலிதாக இருக்கலாம். அது தற்காலிகச் சில்லு. அதில் காற்று 420 கிலோபாஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் அதில் ஓடக் கூடாது. டயர் கடைவரை போய்ச் சேரவே அது தரப்பட்டுள்ளது.

ஜெக், சில்லு நட்டுக்குரிய ஸ்பானர் ஆகியவற்றுடன், ஒரு டோர்ச், தடித்த கையுறை, ஒரு சிறு பலகைத் துண்டு, சில்லுக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டை, பழைய மழைக் கோட்டு ஒன்று ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். கோட்டை அபாயாவின் மேல் அணிந்து பட்டன் போட்டுக் கொண்டால் கறையும் படாது, கீழ் விளிம்பு ஜெக்கின் கைபிடியில் சிக்கவும் மாட்டாது. ஷோலின் நுனிகளை உள்ளே செருகிக் கொள்ளுங்கள். கையுறை அணிந்தால் கிறீஸ் படாது. வுழூச் செய்யும் நேரத்தில் நகக் கண்களைத் தேய்த்துக் கொண்டிருக்க வேண்டிய சிரமமும் இராது.

சில்லை மாற்றும் முறை

1. ஓடும்போது காற்றுப் போனதாக உணர்ந்தால் பிரேக்கைப் பலமாக மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக இடப்பக்கம் ஒதுங்குங்கள். வளைவிலும் சரிவிலும் நிறுத்த வேண்டாம். கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களில், டயர் பழுதானாலும் பரவாயில்லையென்று சமதரை வரும்வரை மெல்ல ஊர்ந்து செல்வதே மேல். டயரை வாங்கலாம், உயிரை வாங்க முடியாது.

2. நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக எரிய விடுங்கள். ஹான்ட் பிரேக்கை இழுத்து, ஒட்டோ கியரானால் ‘பி’யிலும், சாதாரண கியரானால் முதலாம் கியரிலும் போட்டு இயந்திரத்தை நிறுத்துங்கள். ஹைபிரிட் கார்கள் சத்தமின்றி நிற்பதால் நிறுத்தி விட்டதாக எண்ணி ஏமாறலாம். ‘ரெடி’ விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளை இடப்பக்கக் கதவால் இறக்கி, வீதியை விட்டு விலகி நிற்க வையுங்கள். வாகனத்தின் முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

3. கழற்றப் போகும் சில்லுக்கு மூலைக்கு மூலை எதிரேயுள்ள சில்லுக்கு மரக்கட்டையை அல்லது பெரிய கல்லை அண்டை கொடுங்கள். பெரும்பாலான கார்களில் ஹான்ட் பிரேக் பின் சில்லுகளை மாத்திரமே பிடிக்கும். பின் சில்லொன்றை உயர்த்தும்போது பாதிப் பிடி போய் விடுகிறது. ஆகவே இந்தக் கட்டையை அலட்சியம் செய்ய வேண்டாம்.

4. ஸ்பெயார் வீலை எடுத்து, மாற்ற வேண்டிய சில்லுக்கு அருகே காரின் அடியில் படுக்க வையுங்கள். ஜெக் தவறினாலும் கார் முழுதாகத் தரையில் விழாமல் இது காக்கும்.

5. காரை உயர்த்தும் முன்னரே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். பலரும் தவறு விடும் இடம் இதுதான். உயர்த்திய பின் முயன்றால் சில்லும் சேர்ந்து சுற்றும், காரும் ஆடும். மூடி இருந்தால் அதை நெம்பி எடுத்து, ஸ்பானரை நட்டில் முழுதாக மாட்டி, கைபிடி உங்கள் இடப்பக்கமாகத் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். கையால் முடியாவிட்டால் ஒரு காலை நுனியில் வைத்து, காரைப் பிடித்துக் கொண்டு, மெல்ல எடையைக் கொடுங்கள். மேலே ஏறித் துள்ள வேண்டாம். ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று மாத்திரம் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம்.

6. ஜெக்கை வைக்கும் இடம் முக்கியம். காரின் கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில், முன் சில்லுக்குச் சற்றுப் பின்னும் பின் சில்லுக்குச் சற்று முன்னும், இரண்டு சிறு வெட்டுக்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவேதான் ஜெக்கின் தலை பொருந்த வேண்டும். காத்தான்குடி, புத்தளம் போன்ற மணற் பாங்கான ஊர்களில் ஜெக் மணலில் புதையும். பலகைத் துண்டு அதற்காகத்தான். கைபிடியை வலஞ்சுழியாகச் சுற்றி, டயர் தரையை விட்டு இரண்டு அங்குலம் போல உயரும்வரை ஏற்றுங்கள். அதன் பின்னர் உடம்பின் எந்தப் பகுதியும் காரின் அடியில் போகக் கூடாது.

7. நட்டுகளைக் கையாற் கழற்றுங்கள். மேல் நட்டைக் கடைசியாகக் கழற்றினால் சில்லு திடீரென்று சரியாது. நட்டுகளை மூடியினுள் போட்டு வைத்தால் உருண்டு போகா. சில்லை நேராக இழுத்து எடுத்து, அடியிலிருக்கும் ஸ்பெயார் வீலை வெளியே எடுத்து, அந்த இடத்தில் பழையதைப் படுக்க வையுங்கள்.

8. ஸ்பெயார் வீலைத் தூக்க வேண்டியதில்லை. நிமிர்த்தி உருட்டி வந்து, கால் விரலை டயரின் அடியில் கொடுத்துச் சற்றே உயர்த்தினால் துளைகள் ஆணிகளில் பொருந்தி விடும். காற்றடிக்கும் வால்வு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நட்டின் கூம்பான பக்கம் உள்நோக்கி இருக்க, எல்லாவற்றையும் கையால் இறுக்குங்கள்.

9. டயர் தரையைத் தொடும்வரை ஜெக்கை இறக்கி, இப்போது ஸ்பானரால் இறுக்குங்கள். கைபிடி உங்கள் வலப்பக்கம் இருக்க, கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அடுத்தடுத்த நட்டுகளை வரிசையாக இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கிய பின் அதற்கு எதிரேயுள்ளதை இறுக்குங்கள். ஐந்து நட்டுகள் இருந்தால் நட்சத்திரம் வரைவது போல ஒன்று விட்டு ஒன்றாகச் செல்லுங்கள். அப்போதுதான் சில்லு சாயாமல் ஒட்டி உட்காரும். ஜெக்கை முழுதாக இறக்கி எடுத்து விட்டு, மீண்டும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள்.

கழற்றிய சில்லையும் சாமான்களையும் டிக்கியில் போட மறக்க வேண்டாம். அண்டைக் கட்டையையும் எடுத்து விடுங்கள். முதலில் வரும் டயர் கடையில் ஸ்பெயார் வீலின் காற்றைப் பார்த்து, நட்டுகளின் இறுக்கத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஐம்பது, அறுபது கிலோமீற்றர் ஓடிய பின் இன்னுமொரு தடவை நட்டுகளைப் பார்ப்பது நல்லது.

மாற்றாமல் இருக்க வேண்டிய இடங்கள்

முறை தெரிந்தவருக்கு எங்கே மாற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், வலப்பக்கச் சில்லை மாற்றும்போது உங்கள் முதுகு ஓடும் வாகனங்களின் பக்கம் இருக்கும். ஒடுங்கிய பிரதான வீதியில், இரவில், கடும் மழையில் அதைச் செய்ய வேண்டாம். பக்கத்து ஒழுங்கையினுள் மெதுவாக ஓட்டிச் சென்று மாற்றுங்கள்.

அதிவேகப் பாதையில் ஒருபோதும் நீங்களாகச் சில்லைக் கழற்ற முனைய வேண்டாம். ஓரத்தில் நிறுத்தி, எல்லோரும் இடப்பக்கமாக இறங்கி, பாதுகாப்பு வேலிக்கு அப்பால் நின்று, 1969 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள். வேறு வீதிகளில் ஆபத்தான நிலைமை ஏற்பட்டால் பொலிஸ் அவசர இலக்கம் 119. பல காப்புறுதி நிறுவனங்கள் வீதியோர உதவியும் வழங்குகின்றன. உங்கள் காப்புறுதி அட்டையில் அந்த இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

டயரில் ஆணி குத்தியிருப்பதைக் கண்டால், காற்று இறங்காமல் இருக்கும்வரை அதைப் பிடுங்க வேண்டாம். ஆணியே துளையை அடைத்துக் கொண்டிருக்கிறது. மெதுவாக டயர் கடைக்குப் போங்கள். தரையில் படும் பகுதியில் உள்ள துளையை ஒட்டலாம். பக்கச்சுவரில் காயம் பட்டாலோ புடைத்திருந்தாலோ அந்த டயரை ஒட்டுவது வீண். மாற்றத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்

இவ்வளவும் வாசித்த பின், நடுவீதியில் முதன்முறையாகச் செய்து பார்க்கலாம் என்று விட்டு விடாதீர்கள். வருகிற ஞாயிறு காலை, வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, மேற்சொன்ன ஒன்பது படிகளையும் ஒருமுறை செய்து பாருங்கள். முதல் தடவை ஒரு மணித்தியாலம் எடுக்கலாம். இரண்டாம் தடவை அரைவாசி நேரம் போதும். டயர் கடையில் இயந்திரத்தால் இறுக்கிய நட்டு அசையவே மறுத்தால், அதை வீட்டில் வைத்துக் கண்டுபிடித்தது நல்லதாகி விட்டது. கடைக்குப் போய், கைஸ்பானருக்குக் கழன்று வரும்படி அளவாக இறுக்கித் தருமாறு பாஸிடம் கேளுங்கள். ஸ்பானரின் பிடிமேல் மாட்ட ஓரடி இரும்புக் குழாயொன்றும் வாங்கி வைத்தால் உதவும்.

வளர்ந்த மகளும் மகனும் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் நட்டைத் தளர்த்தட்டும், மற்றவர் ஜெக்கை ஏற்றட்டும். நாளை அவர்களும் வாகனம் ஓட்டப் போகிறவர்கள்தானே.

அப்படியே ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு விடயங்களை எழுதி, காரின் முன் லாச்சியில் வையுங்கள். உங்கள் டயரின் முழு அளவு, அடிக்க வேண்டிய காற்று, ஒவ்வொரு டயரும் செய்யப்பட்ட வாரமும் ஆண்டும், காப்புறுதியின் உதவி இலக்கம். பிறகு திங்கட்கிழமை காலை பிள்ளையை ஏற்ற வரும் பாடசாலை வேனின் முன் டயரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். அதில் இருக்கும் நான்கு இலக்கத்தை வாசிக்க உங்களுக்கு இப்போது தெரியும்.